யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

ஆலங்குடாக் கடற்கரையில் ஆங்கிலம் இன்று பிழைப்புக்கு வேண்டிய மொழியாகிவிட்டது. பட்டத்தின் இழுவையில் அலைமேல் சறுக்கவும், டொல்பின்களைக் காணவும் வருகின்ற வெள்ளையரிடம் நம் மீனவ இளைஞன் நாலு வார்த்தை பேசியாக வேண்டும். அவன் ஒரு வினைச்சொல்லில் இடறிவிட்டால் போதும். ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ் பார்ப்பதுபோல் இருக்கிறது’ என்று நம்மிடையே படித்தவர் எனப்படுவோர் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

இந்தச் சிரிப்பை நமக்குக் கற்பித்தது யார்?

1977 முதல் 1979 வரை இலண்டனில் தயாரிக்கப்பட்ட அத்தொடர் இலங்கைக்கும் விற்கப்பட்டது. இரவுப் பள்ளியில் ஆங்கிலம் கற்க வரும் அந்நியர்களின் தடுமாற்றமே அதன் வேடிக்கை. பாகிஸ்தானி அலி, சீக்கியர் ரஞ்சித் சிங், பின்னலூசியை விடாத ஜமீலா ஆகியோரைக் கண்டு நாமும் சிரித்தோம், அதை மறுக்கவில்லை. ஆயின், அதே ஆண்டுகளில் அதே இலண்டனில் நடந்ததென்ன? 1976 ஆகஸ்டில் கிரன்விக் புகைப்படத் தொழிலகத்திலிருந்து வெளிநடந்து, தொழிற்சங்க உரிமை கோரி ஏறத்தாழ 2 ஆண்டுகள் போராடியவர்களுள் பெரும்பாலோர் ஆசியப் பெண்களே. அவர்களை முன்னின்று நடத்திய ஜெயாபென் தேசாய்க்கு அந்த வகுப்பறையில் ஒரு நாற்காலி இருந்ததா?

அப்படியானால் ஆங்கிலேயரின் நகைச்சுவை அனைத்தையும் புறக்கணிப்பதா? அது பேதைமை. 1980-இல் பி.பி.ஸி. தொடங்கிய ‘யெஸ் மினிஸ்டர்’ தொடரில், சேர் ஹம்ப்ரி என்ற உயரதிகாரி பேசும் பிழையற்ற ஆங்கிலமே நகைப்புக்கு இலக்காகிறது. உண்மையைப் புதைக்க அவர் அடுக்கும் நீண்ட வாக்கியங்களை, ஒரு கையெழுத்துக்காகக் கச்சேரி வாசலில் காத்துக் கிடந்த எவரும் அடையாளம் கண்டுகொள்வர். 1998-இல் மீரா சியால், சஞ்சீவ் பாஸ்கர் முதலியோர் ‘குட்னஸ் கிரேஷஸ் மீ’ தொடரில் கண்ணாடியையே திருப்பிப் பிடித்தனர். பம்பாயில் ‘ஆங்கில உணவகம்’ ஒன்றில் நுழைந்து, பணியாளரின் பெயரைச் சிதைத்து, உப்புச்சப்பற்ற உணவைக் கேட்டு ஆரவாரிக்கும் இந்தியக் கூட்டத்தில் வெள்ளையர் தம்மையே கண்டனர்.

ஆக, சிரிப்பிலும் இரண்டு சாதி உண்டு: அதிகாரத்தின் முகமூடியைக் கிழிப்பது ஒன்று, எளியவனின் நாவைக் கட்டுவது மற்றொன்று.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களுள் பலர் தஞ்சம் புகுந்த கரை இது. ‘அகதி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு மனிதனை அடைத்துவிடுவதன் வேதனையை அறிந்த மண் இது. இங்கும் பேச்சைக் கேட்டு ஆளை எடைபோடலாமா? அரைகுறையாகவேனும் அயல்மொழி பேசுகிறான் நம் இளைஞன். ஒரு தமிழ்ச் சொல்லும் சிங்களச் சொல்லும் அறியாமல் வந்து நிற்கும் பயணியைப் பார்த்து யாரேனும் சிரித்ததுண்டா?

தொலைக்காட்சியைப் பார்ப்போம், வயிறு குலுங்கச் சிரிப்போம். சிரிக்குமுன், யாருடைய நாற்காலியில் அமர்ந்து சிரிக்கிறோம் என்பதை மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வோம்.