கொல்லைத் தென்னையும் கூட்டுப் பொறுப்பும்

நமது சங்க அங்கத்தினர்களில் தறியை நம்பி வாழ்வோரும் உளர். நிலத்தை நம்பி வாழ்வோரும் உளர். தொழில் எதுவாயினும், வீட்டுக் கொல்லையில் இரண்டொரு தென்னை வளர்ப்போர் நம்மில் மிகப் பலர். தோப்புடையவர் தம் மரத்துக்கு நோய் கண்டால் விவரம் அறிந்தவரை அழைத்துக் காட்டுகிறார். கொல்லைத் தென்னையைக் கேட்பாரில்லை. குருத்துச் சாய்ந்த பிறகோ, குரும்பை கொட்டிய பிறகோதான் நாம் தலை நிமிர்ந்து பார்க்கிறோம். உடனே கடைக்கு ஓடி, அங்கே எடுத்துக் கொடுத்த மருந்தை வாங்கி வந்து ஊற்றிவிடுகிறோம். நோய் இன்னதென்று அறியாமல் மருந்திடும் இவ்வழக்கம் காசுக்கு நஷ்டம், மரத்துக்கும் கேடு.

ஓர் அறிகுறியை மட்டும் எடுத்துக்கொள்வோம். தண்டிலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு வடிகிறது. இதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். வடியும் இடத்தில் துளையும், அதன் வாயில் மென்று தள்ளிய நாரும் காணப்பட்டால் அது சிவப்புக் கூன்வண்டின் வேலை. தண்டில் காதை வைத்தால் உள்ளே புழுக்கள் குடையும் ஓசை கேட்பதும் உண்டு. துளையின்றி, பட்டையின் வெடிப்பு வழியே கசிந்து, உட்பகுதி அழுகியிருந்தால் அது சாறு வடிதல் என்னும் பூஞ்சை நோய். அடித்தண்டிலே தொடங்கி மேல்நோக்கி ஏறுவதோடு, அடிமட்டைகள் மஞ்சளித்துத் தண்டை ஒட்டித் தொங்கினால் அது வாடல் நோய். 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் இதற்குத் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் வழங்குகிறது. மரத்தடியில் காளான் முளைத்துவிட்டால் நோய் முற்றிவிட்டதென்று கொள்ளலாம்.

அறிகுறி ஒன்றுபோல் தோன்றினும் பரிகாரம் ஒன்றன்று. வண்டுக்கான நஞ்சு பூஞ்சையைத் தீண்டாது. சாறு வடிதல் நோய்க்கு அழுகிய பகுதியைச் செதுக்கியெடுத்துப் போர்டோ பசை தடவ வேண்டும். வாடல் நோய்க்கோ மரமொன்றுக்கு ஆண்டுதோறும் 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கும், வேர்ப்பகுதி நனைய 1 சதவீதப் போர்டோ கலவை 40 லிட்டரும் வேண்டும். அம்மரத்தின் நீர் அடுத்த மரத்துக்குப் பாயாதபடி தனிப்பாத்தியும் கட்ட வேண்டும்.

நெசவாளருக்கு இதை விரித்துக் கூற வேண்டியதில்லை. பாவு நூல் ஓரிடத்தில் அறுந்தால் முடிச்சிட்டு மேலே நெய்வார். அதே இடத்தில் மீண்டும் மீண்டும் அறுந்தால் நூலைப் பழிக்காமல் அச்சையும் விழுதையும் பார்ப்பார். தறியில் நாம் காட்டும் நிதானத்தை மரத்திடமும் காட்டலாகாதா?

அறியாமல் தெளிக்கும் நஞ்சு பயனின்றிப் போவதோடு நில்லாமல், நோயை வளர்ப்பதும் உண்டு. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ, ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக வெள்ளை முட்டையிடும். அது சுரக்கும் இனிப்பு நீரின்மேல் பூஞ்சை படர்ந்து கீழ் ஓலைகள் கரியடைந்து நிற்கும். அந்தக் கருமையைக் கண்டு மருண்டு கடும் நஞ்சைத் தெளித்தால், ஈயை அழிக்கும் என்கார்சியா என்னும் நுண்குளவி மடிந்துபோகிறது, ஈ பெருகுகிறது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதும், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களைத் தொங்கவிடுவதும் இங்கே பொருத்தமான முறைகளாம். அன்றியும், கொல்லைத் தென்னை கிணற்றை அடுத்து நிற்பது. அதன் இளநீரைக் குழந்தைகள் பருகுகின்றனர். இதை மறந்து நஞ்சைக் கையாளுதல் தகாது.

இனி, தம் மரத்தைத் தாமே பார்த்துக்கொண்டால் போதுமென்பாருக்கு ஒரு வார்த்தை. விரிந்த ஓலையில் கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோலத் தோன்றினால் அது காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்ததன் அடையாளம். அவ்வண்டின் புழு வளர்வதோ எருக்குழியிலும் மட்கிய மரத்துண்டிலுமே. சேதம் ஒருவர் கொல்லையில். அதன் பிறப்பிடம் வேறொருவர் குப்பைக்குழியில்! 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்தது போன்ற மரங்களை அப்புறப்படுத்தாமல் மட்கவிட்டால் ஊருக்கே வண்டு வளர்த்தவராவோம். அவ்வண்டு உண்டாக்கும் காயத்தின் வழியேதான் சிவப்புக் கூன்வண்டும் புகுகிறது. ஆகவே, தனியொருவர் எத்துணை விழிப்பாயிருந்தும் முழுப்பயன் இல்லை.

இது அரசாங்க இலாகாவின் வேலையல்லவா என்று சிலர் கேட்கலாம். ஆழியாறு, வேப்பங்குளம் ஆகிய இடங்களில் தென்னை ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. வட்டார வேளாண்மை அலுவலர்களும் உளர். எனினும், ஒவ்வொரு கொல்லைக்கும் அவர்கள் வந்து பார்த்தல் இயலாது. துளை உண்டா, வெடிப்பு உண்டா, முதலில் வாடியது அடிமட்டையா குருத்தா, சாறு எந்த உயரத்தில் வடிகிறது என்று நாம் கண்டு சொன்னால்தான் அவர்களும் தக்க வழி கூற முடியும்.

எனவே, ஒவ்வொரு சங்கமும் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, இளம் அங்கத்தினர் இருவரையேனும் மரம் பார்க்கப் பயிற்றி, அவர்கள் கண்டதை ஒரு புத்தகத்தில் பதியச் செய்தல். இரண்டாவது, மழைக்கு முன் ஒரு நாளைக் குறித்து, ஊரிலுள்ள எருக்குழிகள் அனைத்தையும் ஒரே நாளில் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழித்தல். மூன்றாவது, வேப்பம்பிண்ணாக்கையும் போர்டோ கலவைக்குரிய மயில்துத்தம், சுண்ணாம்பு ஆகியவற்றையும் சங்கத்தின் மூலமே மொத்தமாக வாங்கி வழங்குதல்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை, வேண்டியது ஒற்றுமையே. நூலையும் உரத்தையும் கூடி வாங்கக் கற்ற நாம், கொல்லைத் தென்னையையும் கூடிக் காக்க முன்வர வேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டுவருவார்களாக.