புள்ளிகளும் பெயர்களும்

லண்டனின் ராட்சத ராட்டினம் 135 மீட்டர் உயரம். சிங்கப்பூருடையது 165. துபாயில் 2021ல் திறக்கப்பட்டது 250 மீட்டர். இந்தப் பந்தயத்தில் வியன்னாவுக்கு இடமே கிடையாது. அதன் உயரம் 64.75 மீட்டர்தான். ஆனால் ஒரே ஒரு ராட்டினத்தில் ஏறத்தான் கையில் காசு இருக்கிறது என்றால், வியன்னாவுக்குப் போவதே நல்லது. உயரத்தில் இருப்பவன் கீழே இருப்பவர்களை எப்படிப் பார்க்கிறான் என்ற சங்கடமான கேள்வியை இதைப் போல வேறெந்த ராட்டினமும் எழுப்புவதில்லை.

பேரரசர் ஃபிரான்ஸ் யோசப்பின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி 1897ல் பிராட்டர் பூங்காவில் இது எழுந்தது. கட்டியவர் ஆங்கிலேயப் பொறியாளர் வால்ட்டர் பாசெட். லண்டன், பிளாக்பூல், பாரிஸ் நகரங்களிலும் அவர் ராட்டினங்களை நிறுவினார். அவை எல்லாம் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போய்விட்டன. வியன்னா ராட்டினத்தையும் இடிக்க 1916ல் அனுமதி தரப்பட்டது. ஆனால் இடிக்கப் பணம் இல்லை. வறுமை காப்பாற்றிக் கொடுத்த சின்னங்கள் உலகில் பல உண்டு. இது அவற்றில் ஒன்று.

திகிலை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். பழைய ரயில் பெட்டி போன்ற சிவப்பு நிறப் பெட்டிக்குள் நின்றுகொள்ளலாம், ஜன்னலுக்கு ஜன்னல் நடக்கலாம். வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர். காலாற நடப்பவர்கூட இதை முந்திவிடுவார். புனித ஸ்டீஃபன் தேவாலயத்தின் கோபுரமும் தூரத்து மலைக்காடுகளும் மெல்ல மெல்லக் கண்ணுக்குள் வருகின்றன. பூங்காவில் நடப்பவர்கள் அதே நிதானத்தில் சிறுத்துக்கொண்டே போகிறார்கள்.

சினிமா ரசிகர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கேரல் ரீட் இயக்கி 1949ல் வெளிவந்த ‘தி தேர்ட் மேன்’ படத்தின் முக்கியக் கட்டம் இந்த ராட்டினத்தில்தான் நடக்கிறது. ஆர்சன் வெல்ஸ் நடித்த ஹாரி லைம், கலப்படப் பெனிசிலினைக் கள்ளச் சந்தையில் விற்பவன். அந்த மருந்தால் குழந்தைகள் சீரழிந்தார்கள் என்று தெரிந்துகொண்ட நண்பன் அவனைக் கேள்வி கேட்கிறான். லைம் பெட்டியின் கதவைத் திறந்து கீழே காட்டுகிறான். அந்தப் புள்ளிகளில் ஒன்று அசையாமல் போனால் உனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்குமா என்பது அவன் வாதம். ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று கணக்கும் சொல்கிறான். கதாசிரியர் கிரஹாம் கிரீன். வில்லனின் வாதம் தர்க்கரீதியாக அவ்வளவு சரளமாக ஒலிப்பதுதான் பயம் தருகிறது.

அந்தச் சக்கரத்தின் சொந்தக்காரர் பற்றிப் படத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அவர் எட்வர்ட் ஸ்டைனர் என்ற யூத வணிகர். 1919ல் ராட்டினத்தை வாங்கியவர், அதை உடைத்து இரும்பாக விற்காமல் குத்தகைக்கு விட்டார். 1938ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதும் ராட்டினம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. 1944ல் அவர் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். நாஜிகளின் கணக்கேடுகளில் அவரும் ஒரு புள்ளி. கொல்லப்பட்ட ஆஸ்திரிய யூதர்கள் சுமார் 65,000 பேர்.

அதே 1944ல் ராட்டினமும் தீக்கிரையானது. 1947ல் மீண்டும் சுழன்றபோது அதற்கு 30 பெட்டிகள் இல்லை, 15தான். தீயில் வெந்த இரும்பு அத்தனை பாரத்தைத் தாங்குமா என்ற சந்தேகத்தில் ஒன்று விட்டு ஒன்றாகத்தான் மாட்டினார்கள். இன்றும் அப்படியே. புகைப்படம் எடுக்கும் பயணிகள் அந்த இடைவெளிகளை அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ராட்டினத்தைச் சுற்றியுள்ள லியோபோல்ட்ஸ்டாட் பகுதி ஒரு காலத்தில் வியன்னா யூதர்களின் பேட்டை. மேலிருந்து பார்த்தால் வரிசையான கூரைகள், அழகான தெருக்கள், அவ்வளவுதான். இறங்கி அந்தத் தெருக்களில் நடந்தால் வேறு சங்கதி. 2005 முதல் அங்கே நடைபாதைகளில் பித்தளைத் தகடுகள் பதிக்கப்பட்டு வருகின்றன. அங்கு வாழ்ந்து, இழுத்துச் செல்லப்பட்டு, கொல்லப்பட்டவர்களின் பெயர்களும் தேதிகளும் அவற்றில் இருக்கின்றன.

உயரத்திலிருந்து நகரத்தைப் பார்ப்பதில் தப்பில்லை. திட்டம் தீட்டுபவர்கள், ஆட்சி செய்பவர்கள், புள்ளிவிவரம் எழுதும் பத்திரிகைக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பார்வை தேவைதான். ஆபத்து, அங்கேயே தங்கிவிடுவதில் இருக்கிறது. ராட்டினம் அந்த வசதியை யாருக்கும் தருவதில்லை. உச்சியில் சில நிமிடங்கள், அப்புறம் எல்லோரையும் தரையில் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. வியன்னாவுக்குப் போகிறவர்கள் ராட்டினத்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்களோ, அவ்வளவு நேரத்தை அந்த நடைபாதைகளுக்கும் கொடுக்கலாம். அங்கே பெயர்களைப் படிக்கக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும்.