மன்னிப்பு வேறு, பதவி வேறு



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டான்: "டீச்சர், சாமியார் தப்பு செஞ்சார், ஜெயிலுக்குப் போனார், மனஸ்தாபப்பட்டார். இயேசு கணக்கில்லாம மன்னிக்கச் சொன்னாரே, இன்னும் எதுக்கு அதையே பேசணும்?" போனில் நீளமாக எழுத என் கட்டைவிரல் ஒத்துழைக்காது. பேத்தி லேப்டாப்பைத் தந்ததால் இன்று எழுதுகிறேன்.

அவன் கேட்டது நம் உதகை மறைமாவட்டத்து விஷயம். அருட்தந்தை ஜோசப் ஜெயபால் 2004-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் பணிக்குப் போனார். அங்கே பதின்வயதுப் பெண்பிள்ளைகள் இருவர் அவர் மீது பாலியல் புகார் சொன்னார்கள். 2005-இல் அவர் இந்தியா திரும்பிவிட்டார். இங்கே திருச்சபை விசாரணை நடந்து, ஒரு வருடம் மடத்தில் இருக்கும்படி தண்டனை கொடுத்தார்கள். பிறகு ஆயர் அலுவலகத்திலேயே வேலை. என்ன வேலை தெரியுமா? மறைமாவட்டப் பள்ளிகளின் ஆசிரியர் நியமனம்! 2010-இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. 2012-இல் கைதாகி, அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2015-இல் ஒரு பெண் தொடர்பான குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தண்டனை ஒரு வருடமும் ஒரு நாளும். திரும்பி வந்தார். 2016 ஜனவரியில் ஆயர் அமல்ராஜ், ரோமையைக் கலந்துகொண்டு, அவர் மேலிருந்த தடையை நீக்கினார்.

தம்பி, மன்னிப்பைப் பற்றி உனக்கும் எனக்கும் சண்டையில்லை. ஆனால் ஆதித் திருச்சபை மன்னிப்பையும் பதவியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் எல்விரா என்ற ஊரில் ஆயர்கள் கூடினார்கள். சிறுவர்களைக் கெடுத்தவனுக்குச் சாகும் நேரத்தில்கூட நற்கருணை கிடையாது என்று விதித்தார்கள். எனக்கு அவ்வளவு கடுமை வேண்டாம், சாகிறவனுக்குக் கிடைக்கட்டும். புனித பசிலியார் இன்னும் தெளிவு. ஒழுக்கம் தவறிய திருத்தொண்டரைப் பணியிலிருந்து இறக்கு, நற்கருணையை மறுக்காதே என்று எழுதினார். அவர் விசுவாசியாகத் தொடரலாம், பீடத்துக்குத் திரும்ப முடியாது. பாப்பரசர் சிரிசியுஸ் 385-இல் அதற்கும் மேலே போனார்: பகிரங்கமாகத் தவம் செய்தவன், எல்லாப் பாவமும் தீர்ந்த பிறகும், குருவாக முடியாது. அவனை வெறுத்ததால் அல்ல. சபை தன் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

புனித அகுஸ்தினாரைக் காட்டி வாதாடுகிறவர்களும் உண்டு. குரு பாவியானாலும் அவர் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லும் என்று தொனாத்திஸ்துகளிடம் அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அது ஞானஸ்நானம் வாங்கினவருக்குச் சொன்ன ஆறுதல். குருவுக்குக் கொடுத்த பாதுகாப்பு இல்லை. நம் ஊரில் அதை "சாமியாரைத் தொடக்கூடாது" என்று திருப்பிவிட்டார்கள்.

எனக்கு அதைவிட வருத்தம் வேறொன்று. திருச்சபைச் சட்டத்தில் இந்தக் குற்றம் வெகு காலம் குருக்கள் தங்கள் கற்புக் கடமையை மீறும் குற்றங்களோடு இருந்தது. பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பது தலைப்பிலேயே இல்லை. 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில்தான் மனித உயிர், மாண்பு, சுதந்திரத்துக்கு எதிரான குற்றங்கள் என்ற பகுதிக்கு மாற்றினார்கள். பாவம் என்று மட்டும் பார்த்தால் அது கடவுளுக்கும் பாவிக்கும் நடுவிலான கணக்காகிவிடுகிறது. பிள்ளை வெளியே நிற்கிறது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? 92, 93 இருக்கும். ஞாயிறு மறைக்கல்வியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை, ஊரில் எல்லோரும் மதித்த ஒருவர் பெயரைச் சொல்லி, "அவங்க வீட்டுக்குப் போக மாட்டேன் டீச்சர்" என்றாள். "பெரியவங்கள அப்படிச் சொல்லக்கூடாதும்மா. அவருக்காக ஜெபம் பண்ணு" என்றேன். ஏன் போகமாட்டாய் என்று கேட்கவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. மழை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது சட்டம் தெளிவாக இருக்கிறது. 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் போலீசில் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை, நிறுவனத் தலைவராக இருந்தால் ஒரு வருடம் வரை சிறை. உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், இரண்டு பேர் தலைமை ஆசிரியர்கள். பிள்ளை வந்து சொன்னால் ஜெபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் 1098-க்குப் போன் பண்ணுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். இதை அவள் படிப்பாளா தெரியாது. படித்தால், அம்மா, அன்றைக்கு நான் கேட்காததை இப்போது கேட்கிறேன். வீடு அதே வீடுதான், பஸ் ஸ்டாண்டுக்கு மேலே.