பாடம் இருக்கிறது, சான்று எங்கே?

2023-இல் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமம் நீங்கியது. ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த பாடத்தில் மரபு மட்டும் மிஞ்சியது. தனிம வரிசை அட்டவணைக்கும் அதே கதி. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றில் முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் போனது. கொரோனாவுக்குப் பிறகு பாடச்சுமையைக் குறைக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் பரிணாமத்தை மீண்டும் சேர்க்கக் கோரி கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது இருக்கிறதே என்ற சமாதானம், பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைகளுக்கு உதவாது.

தமிழ்நாட்டுப் பாடநூலில் இந்த வெட்டு விழவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு வரலாறு தொடங்குவதே மனிதப் பரிணாமத்தில்தான்.

ஆனால், பாடம் இருப்பது வேறு; ‘இது எப்படித் தெரியவந்தது?’ என்று மாணவர் கேட்கப் பழகுவது வேறு.

ராபர்ட் புரூஸ் ஃபூட்டை எடுத்துக்கொள்வோம். 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் அவர் கற்கருவியைக் கண்டெடுத்தார் என்பது மாணவர்களுக்கு மனப்பாடம். அது வெறும் கல் அல்ல, கருவிதான் என்று அந்த நிலவியலாளர் எதைக்கொண்டு சொன்னார்? தானாக உடைந்த கல்லில் சில்லுகள் தாறுமாறாகப் பெயர்ந்திருக்கும். கைக்கோடாரியிலோ இரு பக்கமும் சில்லுகள் வரிசையாகப் பெயர்க்கப்பட்டு, அந்தத் தழும்புகள் கூடும் விளிம்பு கூராகியிருக்கும். ஃபூட் திரட்டிய கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தழும்புகளைக் கண்ணால் பார்த்தே எண்ணலாம்.

அதே ஆண்டு அவர் கண்டறிந்த இன்னோர் இடம் திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கம். அங்குள்ள கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011-இல் அறிவித்தது. கார்பன் முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. பிறகு எப்படி? நிலத்தின் மேல் கிடக்கும் கல்லை அண்டக்கதிர்கள் தாக்கும்போது அதில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற ஐசோடோப்புகள் உருவாகின்றன. மண்ணுக்குள் ஆழப் புதைந்ததும் உற்பத்தி நின்று, சிதைவு மட்டும் தொடர்கிறது. அலுமினியம் வேகமாகக் குறைகிறது, பெரிலியம் மெதுவாக. இரண்டின் விகிதத்தை அளந்தால், கல் புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரிந்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ளத் தேவையான ஐசோடோப்பும் கதிரியக்கமும் ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியலிலேயே வந்துவிடுகின்றன. அதிரம்பாக்கம் சமூக அறிவியலில் இருக்கிறது. ஒரே பையில் கிடக்கும் இரு நூல்களும் பேசிக்கொள்வதில்லை என்பதுதான் சிக்கல்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறிவியலுக்கு 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 25 செய்முறை. சமூக அறிவியலுக்கோ நூறும் எழுத்துத் தேர்வுதான். ஆண்டையும் பெயரையும் ஒப்பித்தால் மதிப்பெண் கிடைக்கும்போது, சான்றைத் துருவும் மாணவருக்குத் தேர்வில் என்ன ஆதாயம்? கீழடியின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று எழுதினால் போதும். எந்த ஆழத்தில் கிடைத்த மாதிரி, எந்த முறையில் அளந்தார்கள் என்பது ஆர்வமுள்ள ஆசிரியரின் தனி முயற்சியாகிவிடுகிறது.

பாடத்திட்டம் சுருங்கக் கூடாது என்று வாதாடுவோர் இந்த இடத்திலும் குரல் கொடுக்க வேண்டும். சமூக அறிவியலில் 10 மதிப்பெண்ணையாவது செய்முறைக்கு ஒதுக்கலாம். ஒரு கருவியின் படம், மண்ணடுக்கின் வரைபடம், ஒரு காலக்கணிப்பு முடிவு ஆகியவற்றைக் கொடுத்து, இதிலிருந்து எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று கேட்கலாம். அதற்கு அரசாணை வேண்டும், நாளாகும். அறிவியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் மாதம் ஒரு பாடவேளை சேர்ந்து வகுப்பெடுக்க, தலைமையாசிரியர் கால அட்டவணையைத் திருத்தினால் போதும்.