சதுரங்க மேசையில் எங்களுக்கும் இடம் வேண்டும்

"பத்தாம் வகுப்பு வந்தாயிற்று, இன்னும் என்ன விளையாட்டு?" இக்கேள்வியைக் கேளாத மாணவி எங்கள் வகுப்பில் இல்லை. சென்ற ஆண்டு வரை மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் சதுரங்கப் பலகையை விரித்தவர்கள் நாங்கள் எட்டுப் பேர். இவ்வாண்டு அப்பலகை அலமாரியில் உறங்குகிறது. இது சரிதானா என்று சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரஷ்ய நாட்டில் மிகயில் சிகோரின் (1850–1908) என்றொரு வீரர் வாழ்ந்தார். 1889இலும் 1892இலும் ஹவானா நகரில் உலக வீரர் ஸ்டைனிட்ஸுடன் மோதினார், இருமுறையும் தோற்றார். ஆயினும் அவர் சதுரங்கக் கழகம் அமைத்தார்; சதுரங்க இதழ் நடத்தினார். பின்வந்த இரஷ்ய வீரர்கள் அவரையே தம் முன்னோடியாகப் போற்றினர்.

நம் தமிழகத்திலும் அத்தகைய முன்னோடி ஒருவர் உண்டு. அவர்தாம் மானுவல் ஆரோன். 1935இல் பர்மாவில் பிறந்து தமிழகத்தில் வளர்ந்தவர். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். சதுரங்கத்திற்காக அர்ஜுனா விருது பெற்ற முதல்வரும் அவரே. 1959 முதல் 1981 வரையிலான காலத்தில் ஒன்பது முறை தேசியப் பட்டம் வென்றார்.

1962இல் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த போட்டியில் 23 பேரில் அவருக்குக் கிடைத்தது கடைசி இடம். ஆனால் அதே போட்டியில் போர்டிஷ், ஊல்மன் என்னும் இரு பெரும் வீரர்களை வீழ்த்தினார். கடைசி இடம் வந்தவர் சோர்ந்து வீட்டில் அமர்ந்துவிடவில்லை. 1972இல் சென்னையிலிருந்த சோவியத் பண்பாட்டு நிலையத்தில், உலக வீரர் மிகயில் தால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கினார். தாயாரிடம் ஆட்டம் பயின்ற சிறுவன் ஒருவன் அங்கு வந்து ஆடினான். அவர்தாம் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராகி, பின்னர் உலகப் பட்டமும் வென்ற விசுவநாதன் ஆனந்த்! 2024இல் குகேஷ் 18 வயதில் உலகப் பட்டம் வென்றதற்கும் அன்று போட்ட அந்த மேசைகளே அடித்தளம் என்பது எங்கள் கருத்து.

ஆண்கள் மட்டுமா? சென்னையின் விஜயலட்சுமி 2001இல் இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். வைஷாலி 2023இல் 2500 தரப்புள்ளிகளைக் கடந்து கிராண்ட்மாஸ்டர் தகுதி பெற்றார். 2024இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்திய மகளிர் அணி தங்கம் வென்றது. புனித அவிலா தெரேசம்மாள்கூடத் தாழ்ச்சியின் பெருமையை விளக்கச் சதுரங்க ராணியையே உவமையாகக் காட்டினார் அன்றோ?

பெற்றோரின் கவலை எங்களுக்குப் புரியாமலில்லை. வானம் பார்த்த இப்பூமியில் கடலையும் சோளமும் விதைத்து, மழையை நம்பி எங்களைப் படிக்க வைக்கிறீர்கள். மதிப்பெண் குறைந்தால் மனம் பதறத்தானே செய்யும்? ஆனால் எதிராளியின் நான்கு நகர்வுகளை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவள் கணக்கிற்கு அஞ்சுவாளா? தோற்றபின் கைகுலுக்கிவிட்டு மீண்டும் காய்களை அடுக்கப் பழகியவள், ஒரு தேர்வில் தவறினால் இடிந்துபோவாளா?

எங்கள்மீதும் குற்றமுண்டு. தம்பிமார் விளையாடுகையில் "எங்களுக்கும் ஓர் ஆட்டம்" என்று கேட்க நாங்கள் தயங்கினோம். ஆறாம் வகுப்புத் தங்கையருக்குக் கற்றுக்கொடுக்கவும் மறந்தோம். ஆரோன் நமக்குக் காட்டிய பாடம், கற்றவர் கற்பிக்க வேண்டும் என்பதே.

குஜிலியம்பாறையிலிருந்து சென்னை வெகு தூரம். அத்தகைய பெரிய கழகம் இங்கு உடனே வராது. ஆனால் நான்கு மேசைகளும், வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரமும் போதும். அருட்சகோதரியரே, ஆசிரியப் பெருமக்களே, அதற்கு அனுமதி தாருங்கள். தங்கையருக்கு நாங்களே கற்றுத் தருகிறோம்.

பலகையின் கடைசிக் கட்டத்தை அடையும் சிப்பாய் ராணியாகலாம். அன்புப் பெற்றோரே, பாதி வழியில் எங்களைப் பலகையிலிருந்து எடுத்துவிடாதீர்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், ஒரு மாணவி