மூன்றாவது எட்டு மணி நேரம்

'ஒர்க் ஷாப்' என்றால் நம் தோழர்களுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். லாரிக்கு அடியிலே மல்லாந்து படுத்து, கிரீஸ் வழியும் கையோடு நட்டை முடுக்குகிற இடம்! அதே சொல்லைச் சென்ற ஞாயிறன்று ஆழ்வார்ப்பேட்டையிலே ஒரு மாளிகை வாயிலிலே கண்டேன். பெரியவர்களுக்கான மட்பாண்ட ஒர்க் ஷாப் என்று பலகை சொல்லிற்று. எட்டிப் பார்த்தேன். லாரி இல்லை, நட்டு இல்லை. சக்கரம் சுழல்கிறது. கணினி அலுவலகத்து இளைஞர்கள், வங்கியிலே பணிபுரியும் அம்மையார், ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் — அத்தனை பேரும் முழங்கை வரை சேறு, முகமெல்லாம் மலர்ச்சி! மூன்று மணி நேரத்துக்குக் கட்டணம் இரண்டாயிரம் ரூபாய்.

அன்று மாலையே புரசைவாக்கத்துக்குப் போகவேண்டி வந்தது. அங்கே கொசப்பேட்டை. தலைமுறை தலைமுறையாக மண் பிசைகிற குடும்பங்கள் வாழும் இடம். நகரத்தின் கொலுப் படிகளிலே கொலுவிருக்கும் பொம்மைகள் பிறந்த தெரு. ஒரு முதியவர் தெருவோரம் அகல் விளக்குகளைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறார். காரிலே வந்திறங்கிய கனவான் ஒருவர் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுகிறார், வழக்குமன்றம் தோற்றுவிடும் அவ்வளவு வாதம்!

அதே மண். அதே சக்கரம். அங்கே மண்ணைத் தொடுவதற்குப் பணம் கொடுக்கிறார்கள். இங்கே மண்ணைத் தொட்டவனுக்குப் பணம் கொடுக்க மனம் வரவில்லை. அங்கே அது கலை. இங்கே அது தொழில். யார் வகுத்த பிரிவு இது? எந்த மனு எழுதிய கணக்கு?

ஆழ்வார்ப்பேட்டையிலே சேறு பூசிக்கொண்டு மகிழ்ந்த அந்த இளைஞர்கள் மீது எனக்குக் கோபம் துளியும் இல்லை, தோழர்களே! வாரமெல்லாம் கண்ணாடித் திரையை வெறித்துக் களைத்தவர்கள் கையாலே ஒன்றைப் படைத்து மகிழ்கிறார்கள். மகிழட்டும். நுங்கம்பாக்கத்திலே நீர்வண்ணம் பயிலட்டும், பெசன்ட் நகரிலே நாடகம் பயிலட்டும். வளர்ந்த மனிதனுக்கும் படைக்கும் பசி உண்டு என்று அவர்கள் மெய்ப்பிக்கிறார்கள். நான் கேட்பது வேறு. அந்தப் பசி அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே கடைசல் எந்திரத்தின் முன்னே நிற்பவனுக்கு இல்லையா? துறைமுகத்திலே மூட்டை சுமப்பவனுக்கு இல்லையா?

"பசிக்குச் சோறு கேட்பவனுக்குத் தூரிகை எதற்கு?" என்று நம்மவர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடி, போனஸ் கேட்டுக் குரல் கொடு, ஓவியம் ஒரு கேடா என்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் தொழிலாளர் இயக்கம் முதன்முதலில் கேட்டது கூலியை மட்டுமா? காலத்தைக் கேட்டது! எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், எஞ்சிய எட்டு மணி நேரம் எனக்கு என்பதுதான் இராபர்ட் ஓவன் காலத்திலிருந்து கேட்ட முழக்கம். அதற்காகவே 1886இல் சிகாகோ வீதியிலே குருதி கொட்டிற்று. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையிலே செங்கொடி ஏற்றினார். மணலிலே கூடிய அந்தத் தொழிலாளர்களிடம் அந்த எட்டும், அந்த எட்டும், இந்த எட்டும் பேசப்பட்டன.

முதல் எட்டைக் காப்பதற்கே நமக்குப் பாடு பெரிதாயிருக்கிறது. 2023 ஏப்ரலிலே வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழி செய்யும் திருத்தம் சட்டமன்றத்திலே நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. நம் தோழமைச் சங்கமும் எழுந்தது. மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். நல்லது நடந்தது. ஆனால் காத்துக்கொண்ட அந்த மூன்றாவது எட்டு இருக்கிறதே, அது எங்கே போகிறது? மின்சார ரயிலின் நெரிசலிலே ஒரு மணி. டாஸ்மாக் வாயிலிலே ஒரு மணி. கைப்பேசியிலே கட்டைவிரல் தேயத் தேய இரண்டு மணி. போராடிப் பெற்ற காலத்தை யாரோ பொறுக்கிக்கொண்டு போகிறார்கள்!

பெண் தோழர்களுக்கோ அந்த மூன்றாவது எட்டே கிடையாது. ஆலை விட்டு வந்தால் அடுப்படி. அடுப்படி விட்டால் குழாயடி. பெரியார் அடுப்பங்கரையைப் பற்றி அத்தனை கடுமையாகப் பேசியதன் பொருள் இன்னும் பல தோழர்களுக்கு வீட்டுக்குள் நுழையவில்லை. இதைத் தனியே ஒரு நாள் எழுதுவேன்.

இலண்டன் மாநகரிலே 1854ஆம் ஆண்டு உழைப்பாளர் கல்லூரி ஒன்று தோன்றிற்று. பகலெல்லாம் இழைப்புளி தள்ளிய தச்சனும், கடிகாரம் பழுது பார்த்தவனும் இரவிலே வந்து பயின்ற இடம். அங்கே ஓவியம் கற்பிக்க வந்தவர் யார் தெரியுமா? ஜான் ரஸ்கின்! ஐரோப்பாவே செவிசாய்த்த கலைத் திறனாய்வாளர். கவிஞரும் ஓவியருமான ரோசெட்டியும் அங்கே வந்து கற்பித்தார். கூலிக்காரன்தானே என்று மட்டமான ஆசிரியரை அனுப்பவில்லை, பார்த்தீர்களா?

ஆனாலும் ரஸ்கினிடத்திலே எனக்கு ஒரு பிணக்கு உண்டு. 1857இல் ஆணைக்குழு ஒன்றின் முன் சாட்சியம் அளித்தபோது, தச்சனை ஓவியனாக்குவது தம் நோக்கமன்று, தச்சனாகவே அவனை மகிழ்ந்திருக்கச் செய்வதுதான் நோக்கம் என்ற கருத்தைச் சொன்னார். கனிவான பேச்சு. ஆனால் அந்தக் கனிவுக்குள்ளே ஒரு கோடு இருக்கிறது, கவனியுங்கள். இதுவரை வா, இதற்கு மேல் வராதே என்கிற கோடு! அந்தக் கோட்டை நாம் அறிவோம். கோயில் வாயிலிலே பார்த்திருக்கிறோம், பள்ளி வாயிலிலே பார்த்திருக்கிறோம்.

அந்தக் கோட்டை அழித்தவர்கள் கரி படிந்த கைக்காரர்கள். இங்கிலாந்தின் வடபகுதியிலே ஆஷிங்டன் என்று ஒரு நிலக்கரி ஊர். 1934இல் அங்கே சுரங்கத் தொழிலாளர் சிலர், கலை என்றால் என்னவென்று அறிய வேண்டும், மாலை வகுப்பு வேண்டும் என்று தொழிலாளர் கல்விச் சங்கத்தின் மூலம் ஏற்பாடு செய்தனர். நியூகாசில் நகரிலிருந்து இராபர்ட் லயன் என்ற ஓவிய ஆசிரியர் வந்தார். இத்தாலிய மேதைகளின் ஓவியங்களைப் படவிளக்குப் போட்டுக் காட்டினார். தொழிலாளர்களுக்கு அது ஏறவில்லை. ஆசிரியர் அறிவாளி, மாணவனைக் குறை சொல்லாமல் முறையை மாற்றினார். நீங்களே வரைந்து பாருங்கள், வரைந்ததை வைத்துப் பேசுவோம் என்ற வழிக்கு வந்தார்.

அவ்வளவுதான்! உடைந்தது அணை. சுவருக்குப் பூசும் பெயிண்டும் மலிவான அட்டையுமே அவர்களுக்குக் கருவி. எதை வரைந்தார்கள்? கண்ணாலே காணாத தேவதைகளையா? இல்லை. குனிந்து முழந்தாளிட்டுக் கரி வெட்டும் தோழனை வரைந்தார்கள். புறாக் கூண்டை வரைந்தார்கள். வளர்த்த நாயை, கொல்லைத் தோட்டத்தை, தாங்கள் வாழ்ந்த வாழ்வை வரைந்தார்கள். வாரந்தோறும் ஒரு பொருளை வைத்து எல்லோரும் வரைவது, பிறகு ஒருவர் படைப்பை மற்றவர் தாட்சண்யமின்றி அலசுவது என்று நடந்தது வகுப்பு. 1936இல் நியூகாசிலிலே கண்காட்சி. ஐம்பது ஆண்டளவு அந்தக் குழு நிலைத்தது. ஆலிவர் கில்போர்ன் என்பவர் சுரங்கத்திலே உழைத்துக்கொண்டே வரைந்தார். அவர்களுடைய ஓவியங்கள் இன்று உட்ஹார்ன் என்ற பழைய சுரங்கத்திலேயே அமைந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2007இல் அவர்கள் கதை நாடகமாகவே வந்தது. சுரங்கம் மூடியாயிற்று. சுரங்கத்துக்குள் இருட்டு எப்படி இருந்தது என்பதை இன்றைக்குக் காட்ட, முதலாளியின் கணக்குப் புத்தகத்தாலே முடியுமா? அந்த அட்டைகள் காட்டுகின்றன!

நம் பெரம்பூரிலே பின்னி ஆலை இருந்தது. தலைமுறைகள் அங்கே நூலோடு நூலாய் இழைந்தன. 1996இல் மூடினார்கள். அதன் சங்கொலியை, பஞ்சுத் தூசியை, தறியருகே நின்றவன் கண்ட வண்ணம் தீட்டிய ஒரு கூடம் இருந்தால் நம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாமே! இத்தனைக்கும் அந்த ஆலையின் தொழிலாளர்கள் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியது எங்கிருந்து தெரியுமா? மாலையிலே அவர்கள் கூடிச் சொற்பொழிவு கேட்ட ஒரு சபையிலிருந்து. அது பக்திச் சபை. நமக்கு அதிலே உடன்பாடில்லை. ஆனால் உழைத்துக் களைத்தவன் மாலையிலே ஒரு கூரையின் கீழ் கூடினால் என்ன பிறக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? திரு.வி.க. என்ற தமிழ் முனிவரைத் தொழிலாளர் தலைவராக்கியதும் அந்தச் சூழல்தான்.

நம் இயக்கமே அரங்கிலே வளர்ந்த இயக்கம். அண்ணா நாடகம் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் தாமே வேடம் கட்டி நடித்தார். எம்.ஆர். ராதாவின் நாடகத்தைக் கண்டு மிரண்ட ஆட்சியினர் 1954இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமே கொண்டுவந்தார்கள். மன்றங்களிலே பகலெல்லாம் உழைத்தவன் இரவிலே அரிதாரம் பூசினான். அவனுக்கு யார் சான்றிதழ் தந்தார்கள்? கலை பிறவியிலே வருவது, பரம்பரையிலே வருவது என்ற பொய்யை அந்தப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலே அவன் பொசுக்கினான்!

அப்படிப்பட்ட இயக்கத்தின் படிப்பகங்கள் இன்று எப்படியிருக்கின்றன? சொல்ல வெட்கமாயிருக்கிறது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

வடசென்னையிலே எனக்குத் தெரிந்த தோழர் ஒருவர். சினிமா பேனர் எழுதியவர். சிறுவனாய்ப் போய் டப்பா கழுவி, வண்ணம் குழைத்து, பின்னணி பூசி, பத்தாண்டு கழித்துத்தான் குருவானவர் அவரை முகத்திலே தூரிகை வைக்க விட்டாராம். உள்ளங்கையளவு புகைப்படத்திலே கட்டம் போட்டு, அதையே ஐம்பதடித் துணியிலே சாரத்தின்மேல் ஏறி நின்று பெரிதாக்குவார். அண்ணா சாலையிலே அவர் எழுதிய கண்களைப் பார்த்து ஊரே நின்றது. பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. எந்திரம் ஓர் இரவிலே துப்பிவிடுகிறது. தோழர் இப்போது வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்.

அவர் இரண்டு ஆண்டாக ஞாயிறு மாலையிலே ஒரு தேநீர்க் கடை மொட்டைமாடியிலே வகுப்பு நடத்துகிறார். கட்டணம் இல்லை. வருகிறவர்கள் பதினொரு பேர். எல்லோரும் வளர்ந்தவர்கள். வெல்டிங் வேலைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பாத்திரக் கடைப் பணியாளர், ஏற்றுமதித் தையலகத்திலே காஜா எடுக்கும் ஒரு சகோதரி. சமையலை முடித்து வருவதால் அந்தச் சகோதரி எப்போதும் தாமதமாய் வருகிறார், பால் வாங்க வேண்டுமென்று முன்னதாகவே போகிறார். மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் ஆறு வாரமாய் ஒரே படத்தை வரைகிறார்: மூட்டையைக் குத்தி இழுக்கும் அவருடைய கொக்கி. வளைவு சரியாக வரவில்லையாம். முப்பது ஆண்டு கையிலே பிடித்த கொக்கி, அதன் வளைவு இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்று என்னிடம் சொன்னார். நான் மேடையிலே மணிக்கணக்காகப் பேசுகிறவன். அந்த ஒரு பேச்சுக்கு எனக்குப் பதில் வரவில்லை.

மழை வந்தால் வகுப்பு இல்லை. தேநீர்க் கடைக்கு நான்கு கட்டடம் தள்ளித்தான் நம் படிப்பகம். கூரை உண்டு, மின்விளக்கு உண்டு, மின்விசிறி உண்டு. பூட்டும் உண்டு. தேர்தல் வந்தால் திறக்கும். தலைவர் பிறந்தநாளுக்குத் திறக்கும். தோழர் இரண்டு முறை கேட்டார். பார்க்கலாம் என்றார்களாம். தெருவிலே நெடுக நம் ஃபிளெக்ஸ் நிற்கிறது, அந்த ஃபிளெக்ஸாலே தூரிகை இழந்தவர் மொட்டைமாடியிலே நிற்கிறார்!

அரசிடமும் கேட்கவேண்டியது உண்டு. ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. பதினாறு வயது வரை பிள்ளைகள் அங்கே ஆடலும் ஓவியமும் பயில்கிறார்கள். பதினேழாம் வயதிலே வேலைக்குப் போனவனுக்கு? சென்னை சங்கமம் 2007இல் பிறந்து, 2023இல் மீண்டும் எழுந்தது. பூங்காவிலே பறையும் கரகமும் முழங்கக் கண்டு பூரித்தோம். கைதட்டினோம். கண்ணகி நகரிலே 2020இல் உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஓவியர்கள் வந்து அடுக்குமாடிச் சுவர்களை வண்ணமயமாக்கினார்கள். கண்டவர் மெச்சினார்கள். எல்லாவற்றிலும் தொழிலாளிக்கு ஓர் இடம் இருக்கிறது, பார்வையாளன் என்கிற இடம். அந்தச் சுவருக்குப் பின்னே குடியிருப்பவன் கையிலே தூரிகையைக் கொடுப்பது அடுத்த படியாக வேண்டாமா?

எழும்பூர்ப் பக்கத்திலே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி வளர்ந்து வந்த நிலையம். அதன் தலைவராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் கடற்கரையிலே நிற்கும் உழைப்பாளர் சிலையைப் படைத்தவர். 1959 முதல் அந்த நால்வர் பாறையைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆண்டுதோறும் மே நாளிலே மாலை போடுகிறோம். கல்லூரியின் கூடங்களிலே வாரம் இரண்டு மாலையும் ஞாயிறும் தொழிலாளிக்கென்று ஒதுக்க, எத்தனை கோடி வேண்டும்? களிமண்ணும் கரித்துண்டும் காகிதமும் அப்படியென்ன விலை? கொசப்பேட்டை முதியவரை அங்கே ஆசிரியராக அமர்த்தி ஊதியம் கொடுங்கள். ஆழ்வார்ப்பேட்டை இளைஞரும் வரட்டும். வெல்டிங் தோழரின் பக்கத்திலே உட்காரட்டும். மாநகராட்சியின் சமூக நலக் கூடங்கள் திருமணமில்லாத நாளிலே சும்மாதானே கிடக்கின்றன? தொழிற்சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலிலே இதையும் ஒரு வரியாகச் சேர்க்கட்டும். ஆலை வளாகத்திலே ஓர் அறை, வாரம் ஒரு மாலை. மிகை நேர வேலை என்று அந்த மாலையைப் பறிக்கக்கூடாது. சேர்த்தால் நிர்வாகம் சிரிக்கும். எட்டு மணி நேரம் கேட்டபோதும் சிரித்தார்கள்.

அரசு கேட்கும்வரை காத்திருக்க வேண்டிய வேலையா இது, தம்பி? வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலே இறங்கிவிடும். மொட்டைமாடி வகுப்பு அதோடு நிற்கும். கொக்கியின் வளைவு இன்னும் சரியாகவில்லை. படிப்பகத்தின் சாவி வட்டச் செயலாளர் வீட்டிலே, நாட்காட்டிக்குப் பக்கத்து ஆணியிலே தொங்குகிறது. நானே பார்த்தேன்.