டெஸ்டர் எரிந்தால் போதுமா?

வயரிங் வேலையைச் சோதிக்கும் மல்டிஃபங்ஷன் டெஸ்டர் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

புது ஃபிளாட்டின் சாவி கைக்கு வரும் நாளில் டெல்லி முதல் புணே வரை ஒரே சடங்குதான். எலக்ட்ரீஷியன் சட்டைப் பையிலிருந்து லைன் டெஸ்டரை எடுக்கிறார். பிளக் பாயின்ட்டின் துளையில் செருகுகிறார். சிறிய நியான் விளக்கு சிவப்பாக மினுக்குகிறது. 'பிஜ்லி ஆ கயீ, சாப்' என்று இந்தியிலோ, 'கரன்ட் வந்துடுச்சு சார்' என்று தமிழிலோ ஒரு வரி. வேலை முடிந்தது. வீட்டுக்காரரும் திருப்தியாகத் தலையாட்டுகிறார்.

கரன்ட் வருகிறது என்பதைத் தவிர, நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் அந்த டெஸ்டர் எதையும் சொல்வதில்லை. அதே பாயின்ட்டின் பெரிய துளையில் எர்த் ஒயர் சரியாக இருக்கிறதா, சுவருக்குள் அறுந்து கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எர்த் இல்லாமலும் ஃபேன் சுற்றும், கீசர் தண்ணீரைச் சூடாக்கும். கீசருக்குள் இருக்கும் ஹீட்டர் பழுதாகி, அதன் உடலில் மின்சாரம் ஏறும் அன்றுதான் குறை தெரியவரும். அதைத் தெரிந்துகொள்பவர் குழாயைத் திறந்தவராக இருப்பார் என்பதுதான் சோகம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, மின்சாரம் தாக்கி இறப்பவர்களின் எண்ணிக்கை சமீப ஆண்டுகளில் வருடத்துக்குப் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

இந்தக் குறைகளை முன்கூட்டியே காட்டும் கருவிகள் புதியவை அல்ல. 'மெகர்' என்பது பிரிட்டனில் 1903-ல் பதிவு செய்யப்பட்ட ஒரு வணிகப் பெயர். இந்தியாவில் அது இன்சுலேஷன் சோதனைக்கே பெயராகிவிட்டது. கைப்பிடியைச் சுற்றும் அந்தப் பெட்டியைப் பழைய வயர்மேன்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இன்சுலேஷனுக்கு ஒரு கருவி, எர்த் குழிக்கு வேறொன்று, லீக்கேஜ் பிரேக்கருக்கு இன்னொன்று என்று சுமக்க வேண்டியிருந்தது. இவை அனைத்தையும் ஒரே பெட்டியில் அடக்குவதுதான் மல்டிஃபங்ஷன் டெஸ்டர். பிரிட்டனின் மெகர், அமெரிக்காவின் ஃப்ளூக், ஸ்லோவேனியாவின் மெட்ரல், ஜப்பானின் கியோரிட்சு என்று பல தயாரிப்புகள் இருக்கின்றன. பல மாடல்களின் விலை லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. எனவே வாங்குமுன் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

முதலில், எதை அளக்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் டி.சி. கொடுத்து ஒரு நிமிடம் சோதித்தால், இன்சுலேஷன் ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது. 1956-ம் வருடத்து இந்திய மின்சார விதிகளிலேயே இருந்த அளவு இது. அடுத்தது எர்த் ஒயர் கடைசி பாயின்ட் வரை அறுபடாமல் போகிறதா என்ற கன்டினியூட்டி சோதனை. இதைக் குறைந்தது 200 மில்லிஆம்பியர் மின்சாரம் செலுத்திப் பார்க்க வேண்டும் என்கிறது ஐ.இ.சி. 61557 என்ற சர்வதேசத் தரநிலை. சாதாரண மல்டிமீட்டர் செலுத்தும் மின்சாரம் மிகச் சிறியது. ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயரைக்கூட அது 'நல்ல ஒயர்' என்று சொல்லிவிடும்.

மூன்றாவதான லூப் இம்பிடன்ஸ்தான் இங்கு பலர் பார்க்காமல் விடும் சோதனை. பழுது ஏற்பட்டால் மின்சாரம் எர்த் வழியாகத் திரும்பிச் செல்லும் பாதையின் மொத்தத் தடை அது. தடை ஒரு ஓம் என்றால், 230 வோல்ட்டில் 230 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனே விழ 160 ஆம்பியர் போதும், எனவே கவலையில்லை. தடை 20 ஓம் என்றால் பாய்வது பதினொன்றரை ஆம்பியர்தான். இரண்டு கிலோவாட் கீசர் வழக்கமாக இழுப்பதே ஒன்பது ஆம்பியர் அளவு. எம்.சி.பி.க்குப் பழுதுக்கும் கீசருக்கும் வித்தியாசம் தெரியாது. அது விழாது, கீசரின் உடலில் மின்சாரம் அப்படியே நிற்கும்.

அப்போது காப்பாற்ற வேண்டியது ஆர்.சி.சி.பி. வீடுகளில் பொருத்தப்படும் 30 மில்லிஆம்பியர் சாதனம், அந்த அளவு கசிவில் 300 மில்லிசெகன்டுக்குள்ளும், அதைப்போல ஐந்து மடங்கு கசிவில் 40 மில்லிசெகன்டுக்குள்ளும் விழ வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் பொறி வேலை செய்கிறது என்று தெரியும். எத்தனை மில்லிசெகன்டில் விழுந்தது, எர்த் ஒயர் முழுதாக இருக்கிறதா என்பதெல்லாம் தெரியாது. நல்ல டெஸ்டர் விழும் நேரத்தை எண்ணில் காட்டும். பாதிக் கசிவில் தேவையில்லாமல் விழுகிறதா என்பதையும் சோதிக்கும்.

இனி கடைக்குப் போகலாம். கருவியின் முகப்பில் முதலில் தேட வேண்டியது 'கேட்' என்ற குறியீட்டை. கட்டடத்துக்குள் இருக்கும் போர்டுகளுக்கு 'கேட்' மூன்று. தெருவிலிருந்து மின்சாரம் நுழையும் மீட்டர் பக்கத்துக்கு 'கேட்' நான்கு. பக்கத்திலேயே எத்தனை வோல்ட் வரை என்றும் அச்சிட்டிருக்கும். இடி, மின்னல், ஸ்விட்சிங் ஆகியவற்றால் லைனில் திடீரென்று வோல்டேஜ் எகிறும்போது கருவி கையிலேயே வெடிக்காமல் இருக்க இந்தத் தகுதி அவசியம். டெஸ்ட் லீடுகளுக்கும் அதே தகுதி இருக்க வேண்டும். விலை உயர்ந்த கருவியில் மலிவான லீடைச் செருகினால், இரண்டில் மலிவானதன் தகுதிதான் மிஞ்சும்.

இரண்டாவது கேள்வி, ஆர்.சி.சி.பி.யை விழ வைக்காமல் லூப் சோதனை செய்யுமா என்பது. செய்யாவிட்டால் ஒவ்வொரு சோதனைக்கும் வீடு இருளும். எரிச்சலில் எலக்ட்ரீஷியன் ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரடி இணைப்பு கொடுப்பார். அதைத் திரும்பச் சரிசெய்ய மறந்தும் போவார். இந்த வசதியுள்ள மாடல்கள் மிகக் குறைந்த மின்சாரத்தில் அளப்பதால், ஒரு ஓமுக்கும் கீழான எண்கள் சற்றுத் தடுமாறும். ஒரே பாயின்ட்டில் ஐந்து முறை அளந்து காட்டச் சொல்வது நல்லது. எண்கள் அங்குமிங்கும் துள்ளினால் அந்தக் கருவியை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, பாதுகாப்பு. மின்சாரம் இருக்கும் லைனில் தவறுதலாக இன்சுலேஷன் பட்டனை அழுத்தினால் கருவி மறுக்க வேண்டும். சோதனை முடிந்ததும் கேபிளில் தங்கியிருக்கும் மின்னூட்டத்தைத் தானே வடிக்க வேண்டும். 250 வோல்ட் சோதனை வசதியும் வேண்டும். 500 வோல்ட்டை எல்.இ.டி. விளக்குகளோ இன்வெர்ட்டரோ இணைந்திருக்கும் லைனில் கொடுத்தால், மறுநாள் வீட்டுக்காரரின் பில் எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு வரும்.

எர்த் குழியை அளக்க மண்ணில் கம்பிகளை நட்டு இழுக்கும் பழைய முறைக்கு இடம் வேண்டும். தரையெல்லாம் சிமென்ட் போட்ட நகரத்துக் குடியிருப்புகளில் அதற்கு வழியில்லை. அங்கே லூப் முறையே கைகொடுக்கும். கிராமத்துப் பம்ப் செட்டும் தொழிற்சாலையும் வாடிக்கையாளர்களாக இருந்தால், கம்பி முறையும் உள்ள மாடல் தேவை. எந்த முறையானாலும் ஆகஸ்ட் மழையில் அளந்து மகிழ்வதைவிட, மண் வறண்ட மே மாதத்தில் அளப்பதே நேர்மை.

நாளைய வேலைகளையும் நினைக்க வேண்டும். மத்திய அரசு 2024-ல் அறிவித்த சூர்ய கர் திட்டத்துக்குப் பின் கூரை சோலார் பெருகுகிறது. பேனல் பக்கத்து டி.சி. வோல்டேஜ் பல நூறு வோல்ட். 300 வோல்ட் ஏ.சி. என்று குறித்த டெஸ்டரை அங்கே இணைப்பது விபரீதம். அதற்கென்று தனிக் கருவி உண்டு. மின்சார வாகன சார்ஜர்களில் டி.சி. கசிவும் ஏற்படலாம் என்பதால், 'ஏ', 'பி' வகை ஆர்.சி.சி.பி.களையும் சோதிக்கும் மாடலே பத்து வருடம் உழைக்கும்.

இவ்வளவும் இருந்தும் கருவி பொய் சொல்லலாம். கீழே விழுந்த டெஸ்டர் திரையில் அழகான எண்களைத்தான் காட்டும், தவறான எண்களாக. எனவே காலிப்ரேஷன். கருவியின் சீரியல் எண்ணைக் குறிப்பிட்டு, ஒவ்வொரு அளவிலும் எவ்வளவு விலகல், எவ்வளவு நிச்சயமின்மை என்று எழுதிய சான்றிதழ் வேண்டும். 'பாஸ்' என்று ஒற்றை வார்த்தை எழுதிய காகிதம் போதாது. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வருடத்துக்கு ஒருமுறை சோதித்துத் தந்தால் நல்லது. பழுதானால் இந்தியாவிலேயே சரிசெய்வார்களா, கடல் கடந்து அனுப்ப வேண்டுமா என்று பணம் கொடுக்குமுன் கேட்பது புத்திசாலித்தனம். இரு சான்றிதழ்களுக்கு இடையே செலவில்லாத வழி ஒன்று உண்டு. கடையிலோ வீட்டிலோ ஒரே பிளக் பாயின்ட்டை மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதிவைப்பது. எண் திடீரென்று மாறினால், கோளாறு லைனிலா, கருவியிலா என்று உடனே பார்க்கலாம்.

லட்ச ரூபாய் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. தனி ஆளாக வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனுக்கு அது பல மாத வருமானம். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். குடியிருப்போர் சங்கங்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாம், அல்லது அளந்து எழுதிய அறிக்கைக்குத் தனிக் கட்டணம் தரலாம். மார்பிளுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் செலவழிக்கும் வீடுகளுக்கு இது பெரிய தொகையல்ல.

புது இணைப்புக்கு ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்டுத் தரும் சோதனை அறிக்கை ஒன்று உண்டு. அதில் இன்சுலேஷன் எவ்வளவு, எர்த் எவ்வளவு என்று கட்டங்கள் இருக்கும். அந்தக் கட்டங்களை நிரப்ப ஒரு பேனாவே போதும் என்பதுதான் இன்றைய நிலை. அடுத்த முறை சாவி வாங்குபவர் நியான் விளக்கைப் பார்த்துத் தலையாட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: இந்த எண் எந்தக் கருவியில் வந்தது?